மனப்பாடத்தில் நிற்காத இதயம்

கேள்வி: வணக்கம் மேடம். நான் நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறேன். அனாட்டமி, பிசியாலஜி பாடத்தில் இரண்டு இன்டர்னல் தேர்விலும் ஃபெயில். படிக்காமல் இல்லை, ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறேன். இதயத்தில் ரத்தம் போகும் வழியை 14 படிகளாக எழுதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு வைத்திருந்தேன். ஆனால் தேர்வில் 'இடது வென்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழறை) சுவர் வலதைவிட ஏன் தடிமனாக இருக்கிறது?' என்று கேட்டுவிட்டார்கள். 'உடல் முழுவதற்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் அது அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது' என்று எழுதினேன். பூஜ்யம். சிறுநீரகப் பாடத்தை மூன்று முறை படித்தும் தலையில் ஏறவில்லை. எனக்கு ஞாபக சக்தி குறைவா? இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

14 படிகளைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய ஒருவர் தனக்கு ஞாபக சக்தி குறைவா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? உங்கள் ஞாபக சக்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்தப் பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் வருடா வருடம் விடைத்தாளில் பார்க்கும் பதில் அது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அதையே எழுதுகிறார்கள்.

இடது பக்கம் 'அதிக ரத்தத்தை' தள்ளுகிறது என்று எழுதினீர்கள். ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளவில்லை, துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி வித்தியாசம் என்று வையுங்கள். வலது பக்கம் ஒரு மில்லி கூடுதலாகத் தள்ளினால் அந்த ஒரு மில்லி எங்கே போகும்? நுரையீரலில் தங்கும். நிமிடத்துக்கு 72 மில்லி, ஒரு மணி நேரத்தில் 4 லிட்டருக்கு மேல். இடது பக்கம் கூடுதலாகத் தள்ளினால் அதே வேகத்தில் நுரையீரல் வற்றிப்போகும். இரண்டில் எது நடந்தாலும் ஆள் பிழைக்கமாட்டார்.

அதனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ள வேண்டும், தள்ளுகின்றன. இதயத்தை ஒரே பம்ப் என்று நினைக்காமல், ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள் என்று நினையுங்கள். ஒன்று விடுவதை மற்றது வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் சுவர் ஏன் தடிமன்? அளவு ஒன்றுதான், அழுத்தம்தான் வேறு. இடது வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது அழுத்தம் சுமார் 120 மி.மீ. பாதரசம். வலதில் சுமார் 25. ஒரே எடையுள்ள பெட்டியை ஒருவர் முதல் மாடிக்கும் இன்னொருவர் ஐந்தாவது மாடிக்கும் தூக்கிப்போவது போல. யாருடைய கால் தசை பருக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். வலது பக்கம் ஏன் 25-ஓடு திருப்திப்படுகிறது? நுரையீரலில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு சுமார் அரை மைக்ரோமீட்டர்தான். ஒரு சிவப்பணுவின் விட்டத்தில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் சுலபமாகத் தாண்டிப்போக அவ்வளவு மெலிதாக இருந்தாக வேண்டும். அவ்வளவு மெல்லிய சுவருக்குப் பின்னால் 120 அழுத்தத்தில் ரத்தம் வந்தால் என்ன ஆகும்? ரத்தத்திலுள்ள நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்கிவிடும். மெல்லிய சுவர், குறைந்த அழுத்தம், மெலிந்த வலது வென்ட்ரிக்கிள் என்று மூன்றும் ஒரே காரணத்தில் வந்து நிற்கின்றன. மூன்று தனித்தனி குறிப்புகளாக இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: பிசியாலஜியில் படிகளை எண்ணாதீர்கள், மேட்டையும் பள்ளத்தையும் தேடுங்கள். உடம்பில் எது எங்கே நகர்ந்தாலும், அது ரத்தமோ காற்றோ உப்போ நீரோ, பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகிறது. அழுத்தத்தில் மேடு, செறிவில் மேடு, மின்னூட்டத்தில் மேடு என்று மேட்டின் வகை மாறும். உடம்பு பாடுபடுவது அந்த மேட்டைக் கட்டி வைக்கத்தான். கட்டிய பிறகு ஓட்டம் தானாக நடக்கும்.

உங்கள் 14 படிகளை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். பெருந்தமனியில் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 95. சிறுதமனிகளைத் தாண்டும்போதுதான் பெரிய சரிவு, தந்துகி என்ற மயிரிழைக் குழாயின் வாசலில் 35 ஆகிவிடும். தந்துகியை விட்டு வெளியே வரும்போது 15 அளவில் இருக்கும். சிரைகள் வழியாக இதயத்தின் மேலறையான வலது ஏட்ரியத்தை அடையும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே வலது வென்ட்ரிக்கிள் அதை மறுபடி 25-க்கு ஏற்றிவிடுகிறது, நுரையீரலுக்குள் சரிகிறது, இடது பக்கம் 120-க்கு ஏற்றுகிறது. ஆக, இரண்டே ஏற்றம், இரண்டே சரிவு. 14 படிகளும் இந்தச் சரிவில் வரும் ஊர்ப் பெயர்கள். வழி தெரிந்தவருக்கு ஊர்ப் பெயர் ஒன்று மறந்தாலும் பாதை தவறாது.

வால்வுகளைப் பற்றி மாணவர்கள் எழுதும் ஒரு வாக்கியம் எனக்கு எப்போதும் உறுத்தும்: 'ஈரிதழ் வால்வு திறந்து ரத்தத்தை உள்ளே அனுப்புகிறது.' (இடது ஏட்ரியத்துக்கும் இடது வென்ட்ரிக்கிளுக்கும் நடுவிலுள்ள வால்வு அது.) வால்வுக்குத் திறக்கும் தசை கிடையாது. அது யாரையும் அனுப்புவதும் இல்லை. ஏட்ரியத்தில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் இதழ்கள் தள்ளப்பட்டுத் திறக்கும். வென்ட்ரிக்கிளில் கூடினால் அதே இதழ்கள் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு மூடிக்கொள்ளும். இதழ்களைக் கட்டியிருக்கும் நாண்களும் அந்த நாண்களைப் பிடித்திருக்கும் பாப்பில்லரி தசைகளும் வால்வை மூடுவதற்காக இருப்பவை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவை மூடுவதற்கல்ல. காற்றில் குடை மேல்நோக்கி மடங்கிக்கொள்வதுபோல இதழ்கள் ஏட்ரியத்துக்குள் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள இருப்பவை. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்' ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் நடுவிலுள்ள வால்வுகள் மூடும்போது வருவது. 'டப்' பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது வருவது. கதவு சாத்தும் சத்தம் கேட்கும், திறக்கும் சத்தம் சாதாரணமாகக் கேட்காது.

புரிந்ததா என்று சோதிக்க நான் வகுப்பில் கேட்கும் கேள்வி ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு யோசியுங்கள். ஈரிதழ் வால்வு சுருங்கிவிட்டது, முழுதாகத் திறக்கவில்லை. நோயாளிக்கு முதலில் என்ன தொந்தரவு வரும்? வால்வுக்குப் பின்னால் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இடது ஏட்ரியத்தில் அழுத்தம் ஏறும். அதற்குப் பின்னால் நுரையீரல் சிரைகள், அவற்றுக்குப் பின்னால் அந்த மெல்லிய சுவர். நீர் கசிகிறது, மூச்சு வாங்குகிறது. படுத்தால் கால்களில் தேங்கியிருந்த ரத்தமும் மார்புக்குத் திரும்பி வந்து சேரும், அதனால் மூச்சுத் திணறல் கூடும். அதனால்தான் அந்த நோயாளி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், நீங்கள் தலைமாட்டை உயர்த்தி வைக்கிறீர்கள். நாள்பட நாள்பட வலது வென்ட்ரிக்கிளும் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளித் தளரும், அப்புறம் கால் வீங்கும். வால்வு நோய்ப் பாடம் இன்னும் உங்களுக்கு நடத்தப்படவே இல்லை, ஆனால் முக்கால்வாசி நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஒரு சின்ன வரலாறு சொல்லிவிட்டுப் போகிறேன். நாம் மேலே போட்ட மாதிரியான ஒரு கணக்குதான் ரத்தம் சுற்றி வருகிறது என்று காட்டியது. அதற்கு முன் சுமார் 1400 வருடங்களாக, பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னபடி, இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் வலமிருந்து இடம் கசிகிறது என்றும், கல்லீரலில் புதிது புதிதாக ரத்தம் உண்டாகி உடம்பில் செலவாகிவிடுகிறது என்றும் நம்பினார்கள். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி துடிப்புக்கு இவ்வளவு, அரை மணிக்கு இத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தார். வந்த தொகை உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தையே மிஞ்சியது. அவ்வளவையும் அரை மணிக்கு ஒருமுறை யாராலும் புதிதாக உண்டாக்க முடியாது, ஆகவே அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும் என்று 1628-இல் வெளியிட்டார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. 1657-இல் அவர் இறந்துபோனார். இத்தாலிய மருத்துவர் மல்பீகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கி வழியாகப் பார்த்தது 1661-இல். பார்க்காத ஒன்றைக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டது.

சரி, மூச்சுக்கு வருவோம். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாம் காற்றை உள்ளே 'இழுப்பதாக' நினைக்கிறோம். உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலே விரிகின்றன, மார்புக் கூட்டில் இடம் கூடுகிறது. இடம் கூடினால் உள்ளே அழுத்தம் குறையும். வெளியே 760 என்றால் உள்ளே 759. அமைதியான மூச்சுக்கு அந்த ஒரு மி.மீ. போதும், அரை லிட்டர் காற்று தானாக வந்துவிடும். விலாவில் கையை வைத்து மூச்சு விட்டுப் பாருங்கள். காற்று வந்ததால் மார்பு விரியவில்லை, மார்பு விரிந்ததால் காற்று வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

காற்றறைக்குள் வந்தபிறகு ஒவ்வொரு வாயுவும் தன் சரிவை மட்டும்தான் பார்க்கும். காற்றறையில் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் (கலவையில் அந்த ஒரு வாயுவின் பங்கு அழுத்தம்) சுமார் 100, வந்து சேரும் ரத்தத்தில் 40. அது ரத்தத்துக்குள் இறங்குகிறது. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் 46, காற்றறையில் 40. அது வெளியே வருகிறது. வித்தியாசம் ஒரு பக்கம் 60, மறுபக்கம் வெறும் 6. அப்படியிருந்தும் கார்பன் டை ஆக்சைடு தடையில்லாமல் வெளியேறுவதற்குக் காரணம், அது நீரில் ஆக்சிஜனைவிட 20 மடங்குக்கு மேல் சுலபமாகக் கரையும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி, தலையில் ஏறாத சிறுநீரகம். இங்கே குழப்பம் உங்களுடையது மட்டுமில்லை. 'வடிகட்டி' என்ற சொல்லே நம்மைக் குழப்பிவிடுகிறது. ரத்தத்திலிருந்து கழிவை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளுகிறது என்று ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. நடப்பது அப்படியில்லை.

குப்பை சேர்ந்துபோன ஒரு அலமாரியைச் சுத்தம் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு குப்பையாகத் தேடி எடுத்துப் போடுவது. இன்னொன்று, எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்து வைப்பது. சிறுநீரகம் இரண்டாவது வழியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. குளோமெருலஸ் என்ற தந்துகி முடிச்சில் ரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் மட்டும் நிறுத்திக்கொண்டு, நீர், உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம், யூரியா என்று சிறியது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். உடம்பிலிருக்கும் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கலான ரத்தத் திரவம்) மொத்தமே 3 லிட்டர் அளவுதான். அதாவது அதே பிளாஸ்மா நாளொன்றுக்கு 60 தடவை கொட்டப்படுகிறது. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவு. மீதி அத்தனையும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, இல்லையா? முதன்முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கழிவைத் தேடிப் பிடித்து எறிவதென்றால் ஒவ்வொரு கழிவையும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நேற்றுவரை இந்த உடம்பு பார்த்தேயிராத ஒரு பொருள் உள்ளே வந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், தனக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் தெரிந்திருந்தால் போதும். தெரியாதது தானாகப் போய்விடும். (கொட்டியது ஓடும் குழாயின் சுவரே சில பொருள்களை ரத்தத்திலிருந்து எடுத்து உள்ளே தள்ளுவதும் உண்டு. பொட்டாசியம், ஹைட்ரஜன் அயனி, சில மருந்துகள். அதை இரண்டாம் சுற்றில் படிக்கலாம்.)

கொட்டுவதற்கு அழுத்தம் வேண்டும். மற்ற இடங்களில் தந்துகிக்கு முன்னால் சிறுதமனி, பின்னால் சிறுசிரை. குளோமெருலஸில் மட்டும் இரண்டு பக்கமும் சிறுதமனி. உள்ளே வரும் அஃபெரன்ட் கொஞ்சம் அகலம், வெளியே போகும் இஃபெரன்ட் குறுகல். இரண்டு முனையிலும் திருகு உள்ள ஒரு குழாய் என்று வையுங்கள். போகும் திருகை லேசாக இறுக்கினால் நடுவில் அழுத்தம் ஏறும். அதனால்தான் இங்கே தந்துகி அழுத்தம் 60 அளவுக்கு நிற்கிறது. அதற்கு எதிராக, ரத்தப் புரதங்கள் நீரை உள்ளே பிடித்து வைக்கும் விசை 32, குளோமெருலஸைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் திரவம் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் 18. கழித்தால் மிஞ்சுவது 10. புத்தகத்துக்குப் புத்தகம் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், கழித்தல் மாறாது. மிஞ்சுவது வெறும் 10 என்பதால்தான், அதிக ரத்தம் போய் ஒருவரின் அழுத்தம் விழுந்தால் சிறுநீர் நின்றுபோகிறது. வார்டில் மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் என்று உங்களை எழுதச் சொல்வது வீண் வேலையில்லை. இதயம் போதுமான மேட்டைக் கட்டுகிறதா என்பதை அந்தப் பையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

அப்புறம், திரும்ப எடுப்பது. முதல் வளைகுழாயிலேயே நீரிலும் சோடியத்திலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கும், குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். எப்படி? குழாய்ச் சுவரின் செல்கள் ரத்தப் பக்கமாகச் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றுகின்றன. இதற்குத்தான் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. செலவு. செல்லுக்குள் சோடியம் குறைந்து பள்ளம் விழுகிறது. குழாயிலிருக்கும் சோடியம் அந்தப் பள்ளத்தில் இறங்குகிறது. இறங்கும்போது குளுக்கோஸையும் கைப்பிடித்துக் கூட்டிவருகிறது. உப்பு போன பக்கம் நீரும் பின்னால் போகிறது. குளுக்கோஸுக்கென்று உடம்பு தனியாகச் செலவழிக்கவில்லை, சோடியத்தின் சரிவில் அதற்கு இலவசப் பயணம்.

ஆனால் அந்தக் கைகளுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. 100 மில்லி ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் எல்லாக் கைகளும் நிறைந்துபோகும், மீதி குழாயிலேயே நிற்கும். நிற்கும் குளுக்கோஸ் நீரையும் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார், அதனால் தாகம், அதனால் மறுபடி தண்ணீர். இந்த மூன்றையும் ஒரு சங்கிலியாகப் பார்த்துவிட்டால் அறிகுறிப் பட்டியலாக மனப்பாடம் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

சிறுநீரகக் குழாயில் அடுத்து வரும் ஹென்லே வளைவைப் பார்த்துத்தான் எல்லோரும் புத்தகத்தை மூடுகிறார்கள். முதல் சுற்றில் ஒன்று மட்டும் போதும்: அதன் வேலை சிறுநீரகத்தின் உட்பகுதியை உப்பாக்கி வைப்பது. சாதாரண ரத்தத்தின் செறிவு 300 மில்லிஆஸ்மால் என்றால், உள்ளே ஆழத்தில் 1200 வரை போகும். சேகரிக்கும் குழாய் அந்த உப்பு மண்டலத்துக்குள் புகுந்துதான் இறங்க வேண்டும். உடம்பில் நீரைச் சேமிக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் இருந்தால் குழாய்ச் சுவரில் நீருக்கான வாசல்கள் திறக்கும், நீர் உப்பை நோக்கி வெளியேறும், சிறுநீர் கெட்டியாகும். ஹார்மோன் இல்லாவிட்டால் வாசல் மூடியிருக்கும், நீர் அப்படியே போய்விடும். மேடு முன்பே கட்டி வைத்திருக்கிறது, ஹார்மோன் கதவை மட்டும் திறக்கிறது. எதிரோட்டப் பெருக்கம் என்ற பயங்கரமான பெயரை இது புரிந்த பிறகு தொடுங்கள்.

நரம்பு செல்லிலும் இதே கதைதான், எண்களை மட்டும் தருகிறேன். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சோடியம் வெளியே 140, உள்ளே 15 அளவு. பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 4. மூன்று சோடியத்தை வெளியே போட்டு இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப்தான் இந்த மேட்டைக் காக்கிறது. ஓய்வில் உட்புறம் மைனஸ் 70 மில்லிவோல்ட். சோடியம் வாசல் திறந்ததும் சரிவில் சோடியம் உள்ளே பாய்வதுதான் நரம்புத் தூண்டல். நர்சிங் மாணவி பொட்டாசியத்தைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நான் சொல்வது அந்த 4-க்காக. சிறிய எண் அது. அது 7 ஆனாலே இதயத்தின் மின்சாரம் தடுமாறும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அனாட்டமியில் மனப்பாடம் இல்லாமல் முடியாது. 206 எலும்புகளுக்கும் 12 மண்டை நரம்புகளுக்கும் எந்தச் சரிவும் காரணம் சொல்லாது. அவற்றுக்குக் காகிதத்தைவிட உங்கள் உடம்பு நல்ல புத்தகம். ஒரு கையில் 27 எலும்பு, ஒரு பாதத்தில் 26. இரண்டிரண்டு சேர்த்தால் 106, உடம்பின் எலும்புகளில் பாதிக்கும் மேல் அங்கேயே முடிந்துவிட்டது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பெயரைச் சொல்லுங்கள். பெயர்களும் முழுக்க இருட்டு இல்லை. 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மந்தம், 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'இட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. இப்படி முப்பது துண்டுகள் கைவசம் இருந்தால் முன்னூறு பெயர்களைப் பிரித்துப் படித்துவிடலாம்.

படங்களில் எல்லோரும் விழும் குழிகள் மூன்று. வலது, இடது என்பது படத்திலிருக்கும் ஆளுடையது, உங்களுடையது இல்லை. நான் முதலாமாண்டில் வாய்மொழித் தேர்வில் மூன்று மடல்கள் உள்ள நுரையீரலைக் கையில் வைத்துக்கொண்டு 'இடது' என்று அடித்துச் சொன்னவள், அந்த நிமிடத்து முகச் சூடு இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது, தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்று எழுதாதீர்கள். இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, இதயத்துக்குத் திரும்பினால் சிரை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான். மூன்றாவது, அந்த ரத்தம் நீலமும் இல்லை. நீலம் அச்சகத்தின் வசதிக்கு, ரத்தம் அடர் சிவப்பு.

படிக்கும் முறையைக் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி ஒரு மணி என்று எழுதியதால் சொல்கிறேன். பதினொன்றுக்குப் படுங்கள். படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது, தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது. படிக்கும்போது நாலு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் படம் வரைந்து, எங்கே மேடு, எங்கே பள்ளம், நடுவில் என்ன சுவர், மேட்டை யார் காக்கிறார்கள் என்று எழுதுங்கள். படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. எழுத வராமல் பேனா நிற்கும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம். திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் கண்ணில் படாமலே போய்விடும், எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று கேட்டீர்கள். விடைத்தாளில் நீங்கள் எழுதிய தவறான பதிலில்கூட ஒரு 'ஏன்' இருந்தது. 'உடல் முழுவதற்கும் அனுப்ப வேண்டியிருப்பதால்' என்று காரணம் தேடியிருக்கிறீர்கள், காரணத்தின் பாதி வரை சரியாகவே போயிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி மறுபடி வந்தால் இப்படி எழுதுங்கள்: 'இரண்டு வென்ட்ரிக்கிள்களும் ஒரே அளவு ரத்தத்தைத் தள்ளுகின்றன. உடல் முழுவதுமுள்ள ரத்தக் குழாய்களின் தடை நுரையீரலின் தடையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இடது வென்ட்ரிக்கிள் அதிக அழுத்தத்தை உண்டாக்க வேண்டும், அதனால் அதன் தசை தடிமன்.'

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். மூச்சு வாங்கி வரும் இதய நோயாளிக்கு ஃப்யூரோசமைட் ஊசி போடுவதை வார்டில் பார்ப்பீர்கள். அந்த மருந்து ஹென்லே வளைவின் ஏறும் பக்கத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் திரும்ப எடுக்கப்படுவதைத் தடுக்கிறது. அப்படித் தடுத்தால் சிறுநீர் ஏன் அதிகமாகப் போகிறது? அது போனதும் மூச்சு ஏன் லேசாகிறது? மறுநாள் காலையில் ஏன் பொட்டாசியம் பார்க்கச் சொல்கிறார்கள்? புத்தகத்தைத் திறக்காமல், மேலே உள்ளதை மட்டும் வைத்து எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.